ராமானுஜன் அட்டவணையின் கடைசி எண்

யார் வந்து கேட்டாலும் மிச்சமில்லாமல் பங்கு போடும் ஒரு கணக்கு. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல மறந்த ஒரு நாடு

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் பெருமுக்கல் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஊரை ஒட்டிப் பாறை மலை. மலைமேல் ஒரு சிவன் கோயில். அதில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள். மலையிலுள்ள குகைப் பாறையில், மிகப் பழங்காலத்தில் யாரோ செதுக்கிவிட்டுப் போன கோடுகளும் குறிகளும் இருக்கின்றன. அவற்றுக்கு இதுதான் பொருள் என்று அடித்துச் சொல்ல எவராலும் முடியவில்லை.

கல்வெட்டு விஷயத்தில் இந்தக் குழப்பம் இல்லை. தமிழ்நாட்டில் சோழர் காலத்துக் கோயில் சுவர்களைப் படித்துப் பார்த்தால் பெரும் பகுதி கணக்குதான். நிலம் இத்தனை வேலி, அதில் இத்தனை மா, நெல் இத்தனை கலம், இத்தனை குறுணி, விளக்குக்கு இத்தனை ஆடு என்று போய்க்கொண்டே இருக்கும். அரசன் பெயரும் புகழும் முதல் சில வரிகளில் முடிந்துவிடும். மீதி அத்தனையும் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற விவகாரம்.

மனிதன் கணக்குக் கற்றுக்கொண்டதே பங்கு போடுவதற்காகத்தான் என்று சொன்னால் அது பெரிய தவறாகாது. தமிழ்ச் சொல்லே அதற்குச் சாட்சி. பகு, பகிர், பங்கு, பகுதி எல்லாம் ஒரே குடும்பத்துச் சொற்கள். பள்ளிக்கூடத்தில் ‘பகு எண்’, ‘பகா எண்’ என்று கற்றுத் தருகிறார்களே, அதன் பொருளும் இதுதான். பங்கு போட முடிந்தது பகு எண். பங்கு போட முடியாமல் முரண்டு பிடிப்பது பகா எண்.

இந்த எளிய விஷயத்திலிருந்து ஒரு மாபெரும் ஆராய்ச்சி பிறந்தது. அதைச் செய்தவர் தமிழர். அவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். அவர் செய்த இந்த வேலைதான் அநேகம் பேருக்குத் தெரியாது.

மல்லாட்டைக் கணக்கு

திண்டிவனம் வட்டாரத்தில் வேர்க்கடலையை மல்லாட்டை என்பார்கள். பன்னிரண்டு மல்லாட்டையைத் தரையில் வைத்து ஒரு குழந்தையிடம் சமமாகப் பங்கு போடச் சொல்லுங்கள். இரண்டு பேருக்குப் போடலாம், தலைக்கு ஆறு. மூன்று பேருக்கு நாலு நாலு. நாலு பேருக்கு மும்மூன்று. ஆறு பேருக்கு இரண்டிரண்டு. பன்னிரண்டு பேர் வந்தாலும் ஆளுக்கு ஒன்று. ஒருவனே வந்தால் அத்தனையும் அவனுக்கு. ஆக, பன்னிரண்டைப் பங்கு போட ஆறு வழிகள். 1, 2, 3, 4, 6, 12 ஆகிய இந்த ஆறையும் காரணிகள் என்கிறது பாடப் புத்தகம்.

இன்னும் ஒரு மல்லாட்டையைச் சேர்த்துப் பாருங்கள். பதின்மூன்று ஆகிவிட்டது. பொருள் கூடியிருக்கிறது, ஆனால் பங்கு போடும் வழி குறைந்துவிட்டது. ஒருவனுக்குக் கொடுக்கலாம், அல்லது பதின்மூன்று பேருக்குக் கொடுக்கலாம். வேறு வழி கிடையாது. எண் பெரிதாவதால் மட்டும் அது பங்குக்கு உதவுவதில்லை. இதுதான் முதல் பாடம்.

நம் முன்னோர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாடி என்று வைத்தார்கள். பாபிலோனியர்களும் அறுபதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். காரணம் இல்லாமலில்லை. அறுபதுக்குப் பன்னிரண்டு காரணிகள் உண்டு. அறுபதுக்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது. நூறு அதைவிடப் பெரிய எண்; அதற்கு ஒன்பதுதான்.

நெல் அளவையிலும் இந்தச் சூட்சுமம் உண்டு. எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. இதுவரை எல்லாம் இரண்டின் கணக்கு. ஆனால் கலம் வரும்போது மட்டும் மூன்று தூணி ஒரு கலம் என்று வைத்தார்கள். அந்த ஒரு மூன்று நுழைந்ததால்தான் ஒரு கலம் நெல்லைப் பின்னமில்லாமல் மூன்று பேர் பிரித்துக்கொள்ள முடிந்தது.

பழைய ரூபாயும் அப்படித்தான். பதினாறு அணா ஒரு ரூபாய், பன்னிரண்டு தம்பிடி ஓர் அணா. அதாவது ரூபாய்க்கு 192 தம்பிடி. மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஐந்து அணா நாலு தம்பிடி, மிச்சமே இல்லை. 1957 ஏப்ரல் முதல் தேதியன்று நூறு நயா பைசா வந்தது. கணக்கு எழுதச் சுலபமாயிற்று, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு ரூபாயை மூன்று பேர் பிரித்தால் 33 பைசா போக ஒரு பைசா அநாதையாக நிற்கும். வசதி ஒன்று வந்தால் வசதி ஒன்று போகிறது.

தனக்குக் கீழே உள்ளவரை வென்றவை

ராமானுஜன் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான். தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிகமான காரணிகளைக் கொண்ட எண்கள் எவை? 12 அப்படிப்பட்டது. 24 அப்படிப்பட்டது. 36, 48, 60, 120, 180, 240, 360 என்று வரிசை போகிறது. இவற்றை மிகுபகு எண்கள் என்று சொல்லலாம். போகப் போக இவை அரிதாகின்றன. கோடிக்கணக்கான எண்களுக்கு நடுவே எங்கோ ஒன்று தலை காட்டும்.

1915-ஆம் ஆண்டில் லண்டன் கணிதச் சங்கத்தின் வெளியீட்டில் இதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை அச்சாயிற்று. அறுபது பக்கத்துக்கு மேற்பட்ட கட்டுரை. அதற்குள் ஓர் அட்டவணை. அதில் 102 எண்களை அவர் வரிசைப்படுத்தியிருந்தார். இன்றைய கம்ப்யூட்டர் இல்லாத காலம் அது.

அந்த அட்டவணையின் கடைசி எண் இது:

67,46,32,83,88,800.

வாயால் சொன்னால், ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே, எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு.

பார்த்தால் பயமாக இருக்கிறது. பிரித்துப் பார்த்தால் பயம் போய்விடும். இரண்டை ஆறு முறை, மூன்றை நாலு முறை, ஐந்தை இரு முறை, ஏழை இரு முறை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றோடு 11, 13, 17, 19, 23 ஆகியவற்றை ஒவ்வொரு முறை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் பெருக்கினால் அந்த எண் வந்துவிடும். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், ஒரு சிலேட்டும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால், அரை மணியில் சரிபார்த்துவிடலாம்.

ஒரு வாரம் வாசிக்கலாம்

இதற்கு எத்தனை காரணிகள்? ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை. பன்னிரண்டில் ரகசியம் இருக்கிறது. 12 என்பது 2 × 2 × 3. ஒரு காரணியை உண்டாக்க, இரண்டை எடுக்காமலே விடலாம், ஒரு முறை எடுக்கலாம், இரு முறை எடுக்கலாம், மூன்று வழி. மூன்றை விடலாம் அல்லது எடுக்கலாம், இரண்டு வழி. மூன்றையும் இரண்டையும் பெருக்கினால் ஆறு. மல்லாட்டைக் கணக்கில் வந்த அதே ஆறு.

இதே விதியைப் பெரிய எண்ணுக்கும் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கு ஏழு வழி, மூன்றுக்கு ஐந்து, ஐந்துக்கு மூன்று, ஏழுக்கு மூன்று. மற்ற ஐந்து பகா எண்களுக்கும் இவ்விரண்டு வழி. எல்லாவற்றையும் பெருக்கினால் 10,080.

பத்தாயிரத்து எண்பது காரணிகள்! ஒரு வாரத்துக்கு எத்தனை நிமிஷம் என்று கணக்குப் போட்டாலும் இதே 10,080 வரும். நிமிஷத்துக்கு ஒரு காரணி வீதம், ஊண் உறக்கமில்லாமல் வாசித்தால், சரியாக ஒரு வாரம் ஆகும்.

1 முதல் 28 வரை எந்த எண்ணால் வகுத்தாலும் இது மிச்சமில்லாமல் போகும். 29-இல்தான் முதல் தடையே வரும். தமிழ் எழுத்துகள் 247, அதனாலும் வகுபடும். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, எல்லாவற்றாலும் வகுபடும். திருக்குறளின் 133 அதிகாரங்களுக்கும் 1330 குறள்களுக்கும் சமமாகப் பங்கு போடலாம். நாயன்மார் 63 பேருக்கும், தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களுக்கும், 234 சட்டமன்றத் தொகுதிகளுக்கும் மிச்சமில்லாமல் பிரிக்கலாம். பழைய தமிழ்ப் பின்னமான முந்திரி, அதாவது 320-இல் ஒரு பங்கு, அதற்கும் இடம் உண்டு.

இதைப் படித்தவுடன் சிலருக்கு மயிர்க்கூச்செறியும். இந்த எண்ணுக்குள் ஏதோ தெய்வ ரகசியம் இருப்பதாகத் தோன்றும். பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டினால் அதிர்ஷ்டம் வரும் என்று எண் சோதிடம் பார்ப்பவர்களுக்கு இது நல்ல தீனி. அவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். 247 என்பது 13 × 19. அந்த இரண்டும் இந்த எண்ணுக்குள் இருக்கின்றன; ஆகவே 247 வகுக்கிறது. அவ்வளவுதான் விஷயம். நாலாயிரத் திவ்யப் பிரபந்தத்தின் 4000 இதை வகுக்காது. 4000-த்துக்கு ஐந்து மூன்று முறை வேண்டும். இதில் இரு முறைதான் இருக்கிறது. ஒரு நாளின் 86,400 செகண்டுகளாலும் வகுபடாது. அதற்கு இரண்டு ஏழு முறை வேண்டும், இதில் ஆறுதான். ஆழ்வார்கள் மேல் இந்த எண்ணுக்குக் கோபம் ஒன்றுமில்லை. நாயன்மார்கள் மேல் பட்சபாதமும் இல்லை.

ராமானுஜனின் கட்டுரையில் இதைவிடச் சுவையான விஷயம் ஒன்று உண்டு. இந்த எண்ணில் பகா எண்கள் வரும் முறையைக் கவனியுங்கள். இரண்டு ஆறு முறை, மூன்று நாலு முறை, பிறகு இரண்டு, இரண்டு, பிறகு ஒன்று ஒன்றாக. படிக்கட்டு மாதிரி இறங்கி வருகிறது, எங்கும் ஏறவில்லை. எல்லா மிகுபகு எண்களும் இப்படித்தான் இருந்தாக வேண்டும். ஏன்? 18-ஐப் பாருங்கள். அது 2 × 3 × 3. அதற்கும் ஆறு காரணிகள். ஆனால் இரண்டையும் மூன்றையும் இடம் மாற்றி 2 × 2 × 3 என்று வைத்தால், அதே ஆறு காரணிகள், எண் மட்டும் 12 ஆகச் சுருங்கிவிடுகிறது. சின்னப் பகா எண்ணை அதிகமாகவும் பெரிய பகா எண்ணைக் குறைவாகவும் வைப்பவனே கெட்டிக்காரன். செட்டாகக் குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

திருக்கோவிலூரில் ஒரு சந்திப்பு

இந்தக் கணக்கைப் போட்டவருக்கும் பழைய தென்னாற்காடு ஜில்லாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. பெருமுக்கலும் திருக்கோவிலூரும் அந்த நாளில் ஒரே ஜில்லா. கும்பகோணம் அரசுக் கல்லூரியிலும், பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் படித்து, கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் கோட்டை விட்டு, எஃப்.ஏ. பரீட்சையில் தேறாமல் போனவர் ராமானுஜன். 1910-இல், நோட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசுவாமி ஐயரைத் தேடிப் போனார். இந்தியக் கணிதச் சங்கத்துக்கு 1907-இல் வித்திட்டவர் அந்த அதிகாரி.

ராமானுஜன் கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிய ராமசுவாமி ஐயர், இந்த மேதையை ரெவின்யூ இலாகாவின் கடைசிப் படியில் உட்கார வைத்து அமுக்கிவிடத் தமக்கு மனமில்லை என்று கருதினார். சென்னையிலிருந்த கணித அன்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அங்கிருந்து ஒருவர் மாற்றி ஒருவராகக் கைதூக்கிவிட, 1912-இல் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா உத்தியோகம் கிடைத்தது. 1914-இல் சீமைக்குக் கப்பல் ஏறினார். 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை அவருக்கு ஆராய்ச்சிக்காக பி.ஏ. பட்டம் கொடுத்தது. இரண்டு கல்லூரிகளில் தேறாதவருக்கு அந்தப் பட்டத்தை வாங்கித் தந்தது எது என்று கேட்டால், மிகுபகு எண்களைப் பற்றிய இந்த ஆராய்ச்சிதான்.

அதுகூட முழுசாக அச்சாகவில்லை. முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். சங்கத்துக்குப் பண முடை. கட்டுரையின் பிற்பகுதியை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பகுதி பிரெஞ்சு நாட்டுக் கணித அறிஞர்கள் இருவரின் குறிப்புகளோடு 1997-இல்தான் வெளிவந்தது. எண்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தும் அந்தப் பக்கங்கள் பழசாகவில்லை.

விட்டுப்போன ஓர் எண்

இப்போது, பள்ளிக்கூட விழாக்களில் யாரும் சொல்லாத செய்தி. அந்த 102 எண்கள் கொண்ட அட்டவணையில் ஓர் எண் விட்டுப்போயிற்று.

ராமானுஜனின் அட்டவணையில் 2,40,94,02,99,600 என்ற எண் இருக்கிறது. அதற்கு 4800 காரணிகள். அதற்கு அடுத்து 3,21,25,37,32,800. அதற்கு 5376 காரணிகள். இவ்விரண்டுக்கும் நடுவே 2,93,31,86,25,600 என்று ஓர் எண் உண்டு. மேலே சொன்ன விதிப்படி கணக்குப் போட்டால் அதற்கு 5040 காரணிகள். 4800-ஐ விட அதிகம். ஆகவே அட்டவணையில் அதற்கு இடம் இருந்திருக்க வேண்டும். ஆனால் இல்லை. பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்துச் சேர்த்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. விட்டுப்போன அந்த எண்ணை 23-ஆல் பெருக்கிப் பாருங்கள். 67,46,32,83,88,800 வரும். அட்டவணையின் கடைசி எண்ணேதான்! கடைசிப் பிள்ளையின் பெயரைச் சரியாக எழுதியவர், அதற்குள்ளேயே ஒளிந்திருந்த இன்னொரு பிள்ளையின் பெயரை எழுதாமல் விட்டுவிட்டார்.

அந்த 5040-க்கும் ஒரு கீர்த்தி உண்டு. கிரேக்க ஞானி பிளேட்டோ, ஒரு நல்ல நகரத்தில் எத்தனை குடும்பத் தலைவர்கள் இருக்க வேண்டும் என்று யோசித்து, 5040 என்று எழுதி வைத்தார். 1 முதல் 10 வரை எதனாலும் அது வகுபடும். நிலத்தைப் பிரிக்கவும், படைக்கு ஆள் பிரிக்கவும் தோதாக இருக்கும் என்பது அவர் எண்ணம். ராமானுஜனின் வரிசையில் அதுவும் ஒரு மிகுபகு எண்.

ஓர் எண்ணை விட்டதால் ராமானுஜனின் பெருமைக்கு என்ன குறை வந்தது? ஒன்றுமில்லை. பெருமை கூடத்தான் செய்கிறது. உட்கார்ந்து, பெருக்கி, அடித்து, திருத்தி, நூற்றுக்கு மேல் எண்களைக் கையால் பிடித்த ஒரு மனிதன் அந்த இடைவெளியில் தெரிகிறான். நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரங்களைத் தந்ததாக ராமானுஜன் நம்பினார். அது அவருடைய பக்தி. அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் தாயார் எழுதிக் கொடுத்த அட்டவணையாக இருந்தால் அதில் ஓர் எண் விட்டுப்போயிருக்குமா? அந்த அட்டவணை மனித உழைப்பு. விட்டுப்போன எண்ணே அதற்கு அத்தாட்சி.

மாலையும் மிட்டாயும்

ராமானுஜன் பிறந்த டிசம்பர் 22-ஆம் தேதியைத் தேசியக் கணித தினமாகக் கொண்டாடப் போவதாக 2011-இல் அறிவித்தார்கள். பள்ளிக்கூடங்களில் அன்று என்ன நடக்கிறது? படத்துக்கு மாலை. பேச்சுப் போட்டி. 1729 என்ற டாக்சி எண்ணின் கதை. பிறகு மிட்டாய்.

1729 கதை நல்ல கதைதான். ஹார்டி வந்த டாக்சியின் எண் அது. சாதாரண எண் என்று ஹார்டி சொல்ல, இரண்டு கனங்களின் கூட்டாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று படுக்கையிலிருந்தபடியே ராமானுஜன் சொன்னார். கேட்ட பிள்ளைக்கு ஆச்சரியம் உண்டாகிறது. ஆனால் அந்த ஆச்சரியத்தோடு கூடவே இன்னொன்றும் உண்டாகிறது. ‘அவருக்கு அது தானாக வந்தது, எனக்கு வராது’ என்ற எண்ணம். அற்புதத்தைக் கையெடுத்துக் கும்பிடலாம். கூடச் சேர்ந்து செய்ய முடியாது. கும்பிட்டு முடித்ததும் கணக்குப் பரீட்சையில் அந்தப் பிள்ளை பழையபடி நடுங்குகிறது.

சென்னையில் கல்வி வசதிகளோடு வளரும் பிள்ளைக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. தனிப் பயிற்சிக்கு ஆள் வைக்க அப்பா இருக்கிறார். பெருமுக்கல் போன்ற ஊர்களில் மல்லாட்டைக் கொல்லையிலும் செங்கல் சூளையிலும் பாடுபடுகிறவர் வீட்டுப் பிள்ளைக்குத்தான் நஷ்டம். கணக்கு என்பது சிலருக்கு மட்டும் தெய்வம் கொடுக்கும் வரம் என்று அது பன்னிரண்டு வயதில் நம்பிவிட்டால், எஞ்சினியர் படிப்பு, பாங்கு உத்தியோகம், விஞ்ஞானம் என்று எத்தனையோ கதவுகள் அன்றைக்கே சாத்திக்கொள்கின்றன. கதவைச் சாத்தியது வறுமை மட்டுமல்ல. ஒரு கதையை அரைகுறையாகச் சொன்னதும் ஒரு காரணம்.

அந்தப் பிள்ளைக்கு 1729-ஐச் சொல்லுங்கள். கூடவே இந்தப் பெரிய எண்ணையும் கொடுங்கள். 1729-ஐப் பிரித்தால் 7 × 13 × 19. எட்டே காரணிகள்தான். அந்த மூன்று பகா எண்களும் பெரிய எண்ணுக்குள் இருக்கின்றன. எனவே 1729-உம் அதன் பத்தாயிரத்து எண்பது காரணிகளில் ஒன்று. வகுத்துப் பார்த்தால் 390 கோடியே 18 லட்சத்து 67 ஆயிரத்து 200 என்று சுத்தமாக வரும். டாக்சி எண்ணைத் தனக்குள் வைத்திருக்கும் எண்ணைத் தன் கையால் உடைத்துப் பார்த்த பிள்ளை, அப்புறம் கணக்கைப் பார்த்து நடுங்காது.

ஆட்சேபங்கள்

‘பாடத்தை முடிக்கவே நேரமில்லை, இதற்கு எங்கே போவது?’ என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பகா எண், காரணி, மீப்பெரு பொதுக் காரணி எல்லாம் ஆறாம் வகுப்புப் பாடத்திலேயே இருக்கின்றன. புதிதாக ஒன்றும் சேர்க்க வேண்டாம். உதாரணத்தை மாற்றினால் போதும்.

‘கைபேசியில் தட்டினால் விடை வந்துவிடுகிறதே’ என்பார்கள் பெற்றோர்கள். விடை வரும். 29-ஆல் ஏன் வகுபடவில்லை என்ற காரணம் வராது. காரணத்தைக் கேட்கப் பழகாத பிள்ளை, நாளைக்கு வட்டிக் கணக்கிலும் சீட்டுக் கம்பெனியிலும் ஏமாறும்.

‘இதனால் என்ன பிரயோஜனம்?’ என்ற மூன்றாவது கேள்வி எப்போதும் வரும். ராமானுஜன் பிரயோஜனத்துக்காக இதைச் செய்யவில்லை என்று ஒப்புக்கொண்டுவிடுவதே மரியாதை. ஆனால் எண்களைக் காரணிகளாக உடைக்கும் வித்தை இன்று சும்மா இல்லை. 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் என்ற மூவர் ஒரு சங்கேத முறையைக் கண்டார்கள். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி 600 இலக்கங்களுக்கு மேற்பட்ட ஓர் எண்ணை உண்டாக்குகிறார்கள். அதற்கு நாலே காரணிகள். அந்த இரண்டு பகா எண்கள் எவை என்று வெளியாரால் கண்டுபிடிக்க முடிவதில்லை. கம்ப்யூட்டர் வழியாகப் போகும் எத்தனையோ ரகசியங்களுக்கு இது பூட்டாக இருந்து வந்திருக்கிறது.

விந்தையைப் பாருங்கள். பூட்டுவதற்கு வேண்டியது காரணிகள் மிகக் குறைந்த எண். பங்கு போடுவதற்கு வேண்டியது காரணிகள் மிக அதிகமான எண். ஒன்று யாரையும் உள்ளே விடாது; மற்றொன்று வந்தவர்களில் முடிந்த மட்டும் யாரையும் வெறுங்கையோடு அனுப்பாது. ராமானுஜன் தேடிப் போனது இரண்டாவது ஜாதியை.

ஒரு யோசனை

வருகிற டிசம்பர் 22-ஆம் தேதி மாலையும் மிட்டாயும் இருக்கட்டும். அவற்றோடு, ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் கரும்பலகையில் 67,46,32,83,88,800 என்று எழுதிவிட்டு, ஆளுக்கு ஒரு சாக்குக்கட்டி கொடுக்கட்டும். ஆறாம் வகுப்பு அதைப் பகா எண்களாக உடைக்கட்டும். ஏழாம் வகுப்பு காரணிகளை எண்ணட்டும். எட்டாம் வகுப்பு, ராமானுஜனின் அட்டவணையில் விட்டுப்போன எண்ணைத் தேடட்டும். மேதையின் தவற்றைத் தன் கையால் கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு மேதையின் மேல் மரியாதை குறையாது. அவர் எவ்வளவு தூரம் தனியாக நடந்து போனார் என்பது அப்போதுதான் அதற்குப் புரியும்.

கடைசியாக ஒரு கேள்வியையும் கேட்டு வைக்கலாம். இந்த எண் 29-ஆல் வகுபடாது என்றோமே, வகுபட வைக்க என்ன செய்வது? கொஞ்சம் யோசித்தால் எந்தப் பிள்ளையும் சொல்லிவிடும்: 29-ஆல் பெருக்கிவிட வேண்டியதுதான். அப்போது காரணிகள் இரண்டு மடங்காகி 20,160 ஆகும். 1 முதல் 30 வரை எல்லாவற்றாலும் வகுபடும். ராமானுஜன் நிறுத்திய இடத்துக்கு ஓர் அடி அப்பால், பெருமுக்கல் பிள்ளை ஒன்று நின்றுகொண்டிருக்கும்.